நம்மாளு கணக்கு

மருந்துக் கிடங்கு ஒன்றில் மேலாளராக இருந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தன் மனைவியைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

அவரை எல்லாரும் மேலாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். கிடங்கில் அது பொருத்தமான பெயர். வீட்டில் அவருக்கு மேலேயே ஓர் ஆள் இருந்ததால் அந்தப் பெயர் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடும்.

ஒழுங்கு என்பது அவருக்கு மூச்சு மாதிரி. கிடங்கில் ஓர் அட்டைப்பெட்டி கோணலாக இருந்தால் அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். இருமல் மருந்து இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் யாராவது இருமினால்கூட, "சரியான இடத்துலதான் நிக்கறீங்க" என்று பாராட்டுவார்.

மனைவிக்கு வேறு தொழில். தெருவிலிருக்கும் கடைக்காரர்களுக்குச் சமூக ஊடகங்களில் விளம்பரம் போட்டுக்கொடுப்பது. சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விளம்பரக் கணக்கு. எல்லாவற்றையும் அவளே திறந்து, அவளே பெயர் வைத்து, அவளே பார்த்துக்கொண்டாள். கடைக்காரர்கள் திருப்தியாக இருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை மேலாளர் கையில் டீயோடு அவள் பின்னால் நின்று திரையைப் பார்க்காமல் இருந்திருந்தால், அவரும் திருப்தியாகவே இருந்திருப்பார்.

"இதென்ன, 'பிடுங்கி'?"

"பல் டாக்டர்."

"'கொர்ர்'?"

"மெத்தைக் கடை."

"'ஐயோ அம்மா'?"

"டிரைவிங் ஸ்கூல்."

"'புதுசு', 'புதுப்புதுசு', 'புதுசு பழசு'... இதெல்லாம்?"

"மூக்குக்கண்ணாடிக் கடை. மொதல்ல ஒண்ணு தொறந்தேன், மக்கர் பண்ணுச்சு. இன்னும் ரெண்டு தொறந்தேன். அப்புறம் மொதல்ல தொறந்தது சரியாயிடுச்சு."

மேலாளர் டீயைக் கீழே வைத்தார். "இந்தப் பேரையெல்லாம் அந்தப் பல் டாக்டர் பார்த்தா என்ன ஆகும்?"

"பார்த்தாரே. விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"நாளைக்கு உனக்கு உடம்பு சரியில்லைன்னு வெச்சுக்கோ. வேற ஒருத்தர் வந்து உட்கார்ந்தா எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னா நீங்க டாக்டரைக் கூப்பிடுவீங்களா, பேர்ப்பலகை எழுதுவீங்களா?"

மேலாளர் விடவில்லை. மறுநாள் அவருக்கு விடுமுறை. அவள் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தாள். கம்ப்யூட்டரைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது எல்லாம் கிடங்கு மாதிரி இருக்கும் என்றார்.

"சரி" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் ஒரே சொல்லில் சரி என்றதில்லை. விவரமானவன் அங்கேயே உஷாராகியிருப்பான். மேலாளர் வெற்றி என்று நினைத்தார்.

"ஆனா ஒண்ணு. கடைசியில 'நம்மாளு'ன்னு ஒண்ணு இருக்கு. அதை மட்டும் தொடாதீங்க."

"அது யாரு நம்மாளு?"

"ஒரு பார்ட்டி."

"என்ன சரக்கு?"

"பழைய சரக்குதான். லேசுல நகராது. கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிக்கிட்டிருக்கேன்."

நகராத சரக்கு என்றதும் மேலாளருக்குள் இருந்த கிடங்குக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை மனைவி கிளம்பியதும் அவர் தலைசீவி, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, மேஜைமுன் உட்கார்ந்தார். 'பிடுங்கி' என்பது 'ம-ப-கி-1' ஆயிற்று. மருத்துவம், பல், கிழக்குத் தெரு, முதல் கணக்கு. 'கொர்ர்' என்பது 'வீ-மெ-கி-1' ஆயிற்று. 'ஐயோ அம்மா'வின் அலறல் அடங்கி 'க-ஓ-கி-1' என்று கைகட்டி நின்றது. மூன்று புதுசுகளும் வரிசையில் வந்தன. மதியத்துக்குள் திரை முழுவதும் சுத்தம். சிரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. மேலாளருக்குக் கண் குளிர்ந்தது.

கடைசியில் 'நம்மாளு' மட்டும் தனியாக நின்றது. பெயரைத்தானே தொடக்கூடாது, உள்ளே பார்த்தால் என்ன என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திறந்தார்.

முதல் விளம்பரத்தில் ஒரு நரைத்த மனிதர் காலைவெயிலில் நடந்துகொண்டிருந்தார். கீழே: 'தொந்தி உங்களுக்குச் சொந்தமா, வாடகையா? காலி செய்யச் சொல்லுங்கள். காலையில் நடங்கள்.'

மேலாளர் புன்னகைத்தார். நல்ல விளம்பரம். போன வருஷம் இதைப் பார்த்துத்தான் அவரே நடக்க ஆரம்பித்தார்.

அடுத்தது: 'பெரிய மனிதர்கள் ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதில்லை.'

புன்னகை பாதியில் நின்றது. இது அவருடைய சொந்தக் கொள்கை ஆயிற்றே! கிடங்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

அதற்கடுத்தது: 'வெந்நீரும் சோப்பு நுரையும் மனதை லேசாக்கும். இன்றிரவு பாத்திரத்தை நீங்கள் கழுவிப் பாருங்கள்.'

அவர் வேகமாகக் கீழே இறங்கினார். அவர் ஜன்னலுக்கு வண்ணம் அடித்தது, மச்சினர் மகனின் கல்யாணத்துக்குப் போகச் சம்மதித்தது, செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்தியது எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு விளம்பரம் இருந்தது. அடியில் ஒன்று: 'டாக்டரிடம் போகப் பயமாக இருக்கிறதா? பயத்தோடே போகலாம். வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள்.' அந்த விளம்பரத்தைப் பார்த்த மறுநாள்தான், அவள் மாதக்கணக்கில் கெஞ்சியும் போகாத டாக்டரிடம் அவர் தானாகவே போனார். போனது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து, "நானா யோசிச்சுப் போனேன்" என்று அவளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "நல்ல முடிவு" என்று அவள் தலையாட்டியிருந்தாள்.

விளம்பரம் யாருக்குக் காட்டப்படுகிறது என்ற இடத்தைப் பார்த்தார். ஆண்கள். ஐம்பது வயதுக்கு மேல். பழைய பாட்டு, சதுரங்கம் பிடித்தவர்கள். கிழக்குத் தெரு.

தானாக எடுத்த முடிவு என்று கடைசியாக எது இருக்கும் என்று மேலாளர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். மனைவியைத் திருத்துவது என்ற முடிவு ஒன்றுதான் தேறியது. அதிலும் இப்போது சந்தேகம் வந்தது.

பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் பால்கனியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் தன் பால்கனிக்குப் போய் நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. துண்டை எதுக்குக் காயப்போடறீங்க?"

"ஈரமா இருக்கு."

"இத்தனை வருஷமும் ஈரமாத்தானே இருந்துச்சு?"

வாத்தியார் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "அது... பெரிய மனுஷங்க கட்டில்ல..."

"ஈரத்துண்டைப் போடறதில்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அது நானா யோசிச்சது!"

"நானும் நானாத்தான் யோசிச்சேன். உள்ள வாங்க."

வாத்தியார் வந்தார். திரையைப் பார்த்தார். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அவர் முகம் ஒரு சுற்று இளைத்தது.

"ஒருத்தருக்கு மட்டும் காட்ட முடியாதாம் சார். தெருவுக்கே காட்டினாத்தான் ஒருத்தரைப் பிடிக்க முடியும்" என்றார் மேலாளர்.

"அதாவது உங்க வீட்டுக்காரம்மா குறி வெச்சது உங்களுக்கு. அடிபட்டது நாங்க."

"மேல் மாடி எலக்ட்ரீஷியன்கூட நடக்கறாரே, அவருக்கு ஐம்பது ஆயிடுச்சா?"

"போன மாசம் ஆச்சு. மறுநாளே நடந்தாரு."

டாக்டர் விளம்பரத்தை மட்டும் மேலாளர் காட்டாமல் தாண்டிவிட்டார். அது குடும்ப விஷயம் என்று தோன்றியது.

"முள்ளை முள்ளால எடுக்கணும்" என்றார் வாத்தியார். "நாமளும் ஒண்ணு போடுவோம். பெண்களுக்கு."

என்ன போடுவது என்பதில் தகராறே வரவில்லை. இருவரையும் மனைவிமார் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடியும் முன்பே எழுப்பி நடக்க அனுப்பிவிடுகிறார்கள். தூக்கத்தைத் தவிர அவர்களுக்கு இழந்த பொருள் வேறில்லை. மேலாளர் வாசகத்தைச் சொல்ல, வாத்தியார் ஒற்றுப்பிழை பார்த்தார்:

'ஞாயிற்றுக்கிழமை கணவரைத் தூங்க விடுங்கள். வீட்டில் நிம்மதி பெருகும்.'

யாருக்கு? கிழக்குத் தெருவில் உள்ள குடும்பத்தலைவிகளுக்கு. கணக்குக்கு மற்றவற்றைப் போலவே எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு ஒரு பெயர் வைத்து, மற்ற கணக்குகளுக்கு நடுவே செருகினார் மேலாளர். வைக்கோற்போரில் வைக்கோலை ஒளிப்பது போல. பொத்தானை அழுத்தியதும், 'உங்கள் விளம்பரம் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. பரிசீலிப்பது யார் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் மனைவி திரும்பி வந்தாள். திரையைப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். 'நம்மாளு' தொடப்படாமல் இருப்பதைப் பார்த்து, "சொன்ன பேச்சு கேட்டிருக்கீங்களே" என்று மெச்சவும் செய்தாள்.

அந்த வாரம் விளம்பரம் ஓடியது. படிக்கட்டில் பெண்கள் போனைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். மேலாளர் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றது. அவர் அடக்கமாகக் கடந்துபோய், கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். வாத்தியாரும் அவரும் பால்கனியில் சந்தித்தபோது புருவத்தாலேயே பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை மனைவி சொன்னாள்:

"நாளைக்கு எழுப்ப மாட்டேன். நல்லாத் தூங்குங்க."

"ஏன், என்ன திடீர்னு?" என்றார் அப்பாவியாக.

"சும்மாத்தான். நானா யோசிச்சேன்."

நாமும் ஓர் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டே படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்து மூக்கில் உட்கார்ந்தபோதுதான் விழித்தார். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. வீட்டில் நிம்மதி உண்மையாகவே பெருகியிருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பெருகியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. சமையலறைக்குப் போனார். அடுப்பு குளிர்ந்திருந்தது. பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. மனைவிக்கு போன் செய்தார். எடுத்ததும் காற்றும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"எங்க இருக்கே?"

"ஏரிக்கரையில. படகுல ஏறப்போறோம்."

"ஏறப்போறோம்னா? யார் யாரு?"

"எல்லாரும்தான். வாத்தியார் சம்சாரம், எலக்ட்ரீஷியன் சம்சாரம், எதிர்வரிசை மொத்தமும். வேன் பேசி வந்திருக்கோம்."

"சொல்லாமக் கொள்ளாம அப்படி என்ன அவசரம்?"

"விளம்பரம் வந்துச்சே, நீங்க பார்க்கலையா? இருங்க, படிக்கறேன். 'ஞாயிற்றுக்கிழமை கணவரைத் தூங்க விட்டுக் கிளம்புங்கள். நிம்மதி பெருகும்.' எவ்வளவு உண்மை பாருங்க!"

"விட்டுக் கிளம்புங்கள் இல்லை! விடுங்கள்! தூங்க விடுங்கள்! அதோட முற்றுப்புள்ளி!"

தவளைகூட மழை பெய்த பிறகுதான் தன் வாயால் கெடும். மேலாளர் நல்ல வெயிலில் கெட்டார்.

"அப்படியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேலாளர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"என் கணக்குக்குள்ள எது நுழைஞ்சாலும் மொதல்ல என் போன்லதான் மணி அடிக்கும். நீங்க பொத்தானை அமுக்கினப்ப நான் தங்கச்சி வீட்டுல டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. வாக்கியம் மட்டும் பாதியில நின்ன மாதிரி இருந்துச்சு. முடிச்சு வெச்சேன். படகு வந்துடுச்சு, வெச்சிடறேன்."

அதற்குள் வாசல் மணி அடித்தது. வாத்தியார் நின்றார். அவருக்குப் பின்னால் எலக்ட்ரீஷியன். அவருக்கும் பின்னால், படிக்கட்டு வளைவு வரைக்கும், தூங்கி எழுந்த முகங்கள்.

"சார், விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார் வாத்தியார், மேலாளர் கண்ணைப் பார்க்காமல்.

"யார் சொன்னது?"

"நான்தான். பசியில உளறிட்டேன். ஆனா யோசனை முழுக்க உங்களோடதுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"பொழுது போறதுக்குள்ள திரும்பிடுவாங்களாமா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். "அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?"

மேலாளர் ஏற்பாடு ஒன்றும் பண்ணியிருக்கவில்லை. அரிசி வைத்தார். அது அடியில் கருகி, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகவே இருந்தது. முட்டை வேகவைத்தார். சில உடைந்தன, சில வேகவில்லை. வந்தவர்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எதையும் பாராட்டவும் இல்லை. கிளம்பும்போது ஒவ்வொருவரும் அவரைப் பார்த்த பார்வையில், இந்தத் தெருவில் இனி அவரோடு சதுரங்கம் ஆட ஆள் கிடைக்காது என்பது தெளிவாகத் தெரிந்தது.

மனைவி விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தாள். வெயிலில் முகம் சிவந்து, பல வருஷம் வயது குறைந்த மாதிரி இருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை அடக்கிக்கொண்டு, தோற்ற அரசன் கோட்டைச் சாவியை ஒப்படைக்கும் கம்பீரத்தோடு சொன்னார்:

"இனிமே உன் விளம்பர விஷயத்துல நான் தலையிட மாட்டேன். அந்த விளம்பரத்தை மட்டும் நிறுத்திடு."

"தாராளமா. எந்தக் கணக்குல இருக்கு?"

"நம்ம... அதுதான், கடைசியா நான் தொறந்தது."

"பேரைச் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

மேலாளர் மேஜைமுன் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வீ-மெ-கி-1. கு-கி-நி-1. ம-ப-கி-1. எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில், அட்டைப்பெட்டிகள் போல வரிசையாக நின்றன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. ஒன்றைத் திறந்தார், மெத்தை. இன்னொன்றைத் திறந்தார், பல்.

சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மனைவி சொன்னாள்:

"அவசரமே இல்லீங்க, மெதுவாத் தேடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கும் வேன் சொல்லியாச்சு."