நான் பரிசோதித்த ஆரோக்கியமான மனிதர்

வைத்தியராக முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். என் கைராசியைப் பற்றி நல்லதாகச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் அல்ல.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நானும் கணவர் யோகனும் மோர்டனில் ஓர் அறையில் இருந்தோம். ஆஸ்பத்திரியில் என் ஆறு மாத வேலை முடியப்போகிறது. அடுத்த வேலைக்கு எங்கள் பிரிவின் பெரிய டொக்டர் சேஷாத்ரி சிபாரிசுக் கடிதம் தரவேண்டும். மதுரைக்காரர். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை சும்மாதானேம்மா இருப்ப? விம்பிள்டன்ல நாடுகளுக்கு நடுவுல ஒரு டீம் போட்டி. நான் டாக்டரா போகணும். வீட்டுக்கு மச்சினன் வர்றான். எனக்குப் பதிலா போயிட்டு வந்துடேன்.”

“ஓம் சேர்” என்றேன். கடிதத்துக்காக வடதுருவத்துக்கும் ஓம் சொல்லியிருப்பேன்.

“பெரிசா ஒண்ணும் இருக்காது. யாராச்சும் விழுந்தா பாத்துட்டு, தொடர்ந்து கலந்துக்கலாமா கூடாதான்னு எழுதிக் கொடுக்கணும். அவ்வளவுதான்.”

யோகனுக்கு என்னைவிடச் சந்தோஷம். “விம்பிள்டன் எண்டால் டென்னிஸ்தானே. பெரிய பெரிய ஆக்கள் வருவினம். நல்ல சீலையா உடுத்துக்கொண்டு போம்” என்றார். (டென்னிஸ் நடப்பது கோடையில். நாங்கள் இருந்தது இலையுதிர்காலத்தில். இரண்டு பட்டதாரிகள் இருந்த அறையில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.)

வெள்ளைப் பட்டுச் சேலையில் போய் இறங்கினால், அது நாய் ஓட்டப் பந்தயம் நடக்கும் மைதானம். நாய்களுக்குப் பதிலாக அன்று மோட்டார் சைக்கிள்கள். வட்டமான மண் பாதையில் ஒரு தடவைக்கு நாலு பேர், நாட்டுக்கு ஒருவராக, நாலு சுற்று ஓடவேண்டும். அந்தச் சைக்கிள்களுக்குப் பிரேக் கிடையாது என்று முதலுதவிக்கு வந்திருந்த ஜோன் என்ற ஆங்கிலேய அம்மாள் சொன்னபோது, பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதல் ஓட்டம் முடியும்போது என் சேலை செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

நாலாவது ஓட்டத்தில் ஒருவர் விழுந்தார். எந்த நாடு என்று சொல்ல விரும்பவில்லை. தலை நிலத்தில் இடித்து, இரண்டு முறை புரண்டு, எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே தள்ளாடியபடி தானே நடந்து உள்ளே போனார். விழுந்தவர் டொக்டர் கையெழுத்து இல்லாமல் மறுபடி ஓடக்கூடாது என்பது விதி. பத்து நிமிடம் கழித்து அவர்களுடைய மனேஜர், மீசை வைத்த பருத்த மனிதர், ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“இவர்தான் விழுந்தவர். இங்கிலீஷ் தெரியாது. நான் சொல்லுகிறேன்” என்றார்.

வந்தவர் நெஞ்சில் கட்டியிருந்த இலக்கத் துணி முழுக்க மண். நான் பரிசோதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு பரிசோதனையை என் இறுதிப் பரீட்சையில்கூடச் செய்ததில்லை. கண்மணிகளில் வெளிச்சம் அடித்தேன். கோட்டில் நடக்கவைத்தேன். விரலால் மூக்கைத் தொடச் சொன்னேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நான் கேட்காமலே மற்றக் காலிலும் நின்று காட்டினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஐரோப்பிய உடம்பின் உறுதியை எண்ணி வியந்தேன்.

இலக்கத் துணியில் அவ்வளவு மண் இருக்க, அதற்கு அடியில் போட்டிருந்த தோல் உடுப்பு பளபளவென்று இருந்ததையும் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு பெண் டொக்டரிடம் வருகிறோமே என்று துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார், நல்ல வளர்ப்பு என்று முடிவு செய்தேன்.

“விழுந்த ஆள் மாதிரியே தெரியவில்லை” என்றார் ஜோன்.

“அதைத்தான் நானும் எழுதுகிறேன்” என்று பெருமையாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த முறை அந்த இலக்கம் ஓட வந்தபோது, என் நோயாளி என்ற உரிமையில் எழுந்து நின்று பார்த்தேன். முதல் வளைவில் மற்ற மூவரும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. திரும்பவேண்டும் என்ற நினைவே இல்லாதவர் மாதிரி நேராகப் போய் வேலியில் மோதினார்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வலது தொடை, மடியக்கூடாத இடத்தில் மடிந்திருந்தது. மண் அப்பிய கண்ணாடியை மெதுவாக விலக்கினேன். உள்ளே நீலக் கண்கள். நான் வெளிச்சம் அடித்துப் பார்த்தவை தவிட்டு நிறம். இந்த நீலத்தில் ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது.

நிமிர்ந்தால், மனேஜருக்குப் பக்கத்தில் நான் பரிசோதித்த ஆரோக்கியமான மனிதர் நின்று அழுதுகொண்டிருந்தார். அதே அணிக்காரர். நெஞ்சில் இப்போது அவருடைய சொந்த இலக்கம். எனக்கு இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோயிற்று.

“நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?” என்று தமிழில் கேட்டேன்.

கேள்வி புரிந்திருக்கவேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கே தலையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். மூன்று நாள் அவருக்கு நினைவில்லை. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. “அந்தாள் செத்தால் என்னைப் பொலிசில பிடிச்சு மறியலுக்குள்ள போடுவாங்களோ?” என்று யோகனிடம் கேட்டேன். “முதல்ல அந்தாள் பிழைக்கட்டும். பிறகு உம்மைப் பற்றி யோசிப்பம்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விசாரணையில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பெயரைக் கேட்டீர்களா என்றார்கள். கேட்டேன், மனேஜர் சொன்னார் என்றேன். முகத்தைப் பார்த்தீர்களா என்றார்கள். இரண்டு கண்ணையும் பார்த்தேன் என்றேன். ஒருவர் இருமலை மறைத்தார். மனேஜருக்குத் தடை, எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் என்று அது முடிந்தது. சேஷாத்ரி சேர் சிபாரிசும் தந்தார்: ‘மிக நுணுக்கமாகப் பரிசோதிப்பவர்’ என்று ஒரே வரி. அவர் வேண்டுமென்றுதான் எழுதினாரா என்று இன்றுவரை தெரியாது.

நினைவு திரும்பியபின் அந்த வீரரைப் பார்க்கத் திராட்சையுடன் போனேன். ஆரோக்கியமான மனிதர் கட்டிலருகே இருந்தார். இங்கிலீஷ் தெரியாது என்றார்களே, அவர்தான் மொழிபெயர்த்தார்.

“உங்கள்மேல் பிழை இல்லை என்கிறான். நீங்கள் இல்லையென்றால் வேறு யாராவது ஒரு டொக்டரை ஏமாற்றியிருப்பானாம்.”

“கால்?” என்றேன்.

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மரியாதையாகக் காய்ச்சல் வரமுடியாது. நான் நெற்றியில் கைவைத்தால், “அம்மா, இது நான்தான், வடிவாப் பாருங்கோ” என்பாள் மகள். மகன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வருவான். விருந்தாளிகள் வந்தால் யோகன் வெள்ளைச் சேலையில் தொடங்கி, ஒற்றைக் காலில் நின்று காட்டி, “இஞ்ச என்ன செய்யிறீர்?” வரை நடித்து முடிப்பார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சில வேளை யாராவது, “பிறகு அந்த விழுந்தவர் ஓடினவரோ?” என்று கேட்பார்கள்.

யோகன் என்னைப் பார்ப்பார். நான் தேத்தண்ணி போட எழுந்துவிடுவேன்.