கோதண்டபாணியின் தோகை

உலகில் காதலிப்பவர்கள் உண்டு, காதலிக்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், பிறர் காதலுக்குக் காரணம் சொல்வதற்கென்றே பிறந்த மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. எழுபதுகளில் எங்கள் காஞ்சிபுரத்தில் அதன் கொழுத்த மாதிரி, கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்டிரேட்டராக இருந்த கோதண்டபாணி.

கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? பாவம். இந்த மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு ஏன் பிடித்தது (அவளை யாரும் கேட்கவேயில்லை என்பது வேறு விஷயம்), அகன்ற தோள் குகைக் காலத்தில் எதற்குப் பயன்பட்டது, ஆண் தவளை ஏன் தொண்டை கிழியக் கத்துகிறது என்றெல்லாம் ஒரே மூச்சில் விளக்கி, உங்கள் இலையில் பாயசம் விழும் நேரத்துக்குச் சரியாக, பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடும் என்று முடிப்பார். பாயசம் இறங்குமா?

"ஆண் காட்டுவான், பெண் பொறுக்குவா. அவ்ளோதான்பா. காதல்ன்றது சும்மா நாம வச்ச பேரு."

முப்பத்துநாலு வயதுவரை அவரை யாரும் பொறுக்கவில்லை. அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

ஐயம்பேட்டை பஸ்ஸில் அம்சவேணியைப் பார்த்த அன்றுதான் வந்தது வினை. டிக்கெட்டை வளையலுக்குள் செருகிக்கொண்டு அவள் எதற்கோ சிரித்தாள். கோதண்டபாணிக்குக் குகைக் காலம் நினைவுக்கு வரவில்லை. ஒரு தவளைகூட வரவில்லை. மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, நாலாம் நாள் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்.

இவள் இல்லையென்றால் வேறு எவளும் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பயத்தில் சாதாரண மனிதன் சாமி கும்பிடுவான். இவர் ஆண் மயிலை நினைத்தார். நாடக சபாவில் ராஜா வேஷத்துக்கு வைத்திருந்த அகலச் சரிகை அங்கவஸ்திரத்தை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு பெண் பார்க்கப் போனார். எங்கே? பட்டுத்தறிக்காரர் வேணுகோபால் வீட்டுக்கு!

"கரை ஜோரா இருக்குதே தம்பி," என்றார் பெண்ணின் அப்பா.

"நமக்குன்னே தறியில ஏத்தச் சொன்னதுங்க."

அத்தோடு விட்டாரா? காபி கொண்டுவந்த அம்சவேணியிடமே பாடத்தைத் தொடங்கினார்.

"ஆண் மயில் எதுக்குத் தோகை விரிக்குது, சொல்லுமா?"

"பொட்டை பார்க்கத்தான்."

"பலே! பொட்டை எதைப் பார்க்கும்?"

"சொந்தத் தோகையான்னு பார்க்கும்."

சொல்லிக்கொண்டே, அவர் தோளிலிருந்து நழுவிய முனையை எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். அவள் நகம் வீட்டுப் பழக்கத்தில் தானாகவே சரிகையைச் சுரண்டியது. நல்ல சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும் என்பது அந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும். இதில் வெள்ளை நூல் இளித்தது.

"சிவப்பு வரலியே, நைனா."

வேணுகோபால் உத்தரத்தைப் பார்த்தார்.

"அது... சபாவுல... இரவல்..." என்றார் கோதண்டபாணி.

"இரவல்னு முன்னயே சொல்லியிருந்தா சிரிச்சுக்கினே சரின்னிருப்பேன் சார். மயிலுக்குத்தான் பேச்சு வராது. உங்களுக்கு வருதில்ல?"

காபி டம்ளரை அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதில் பாதி மிச்சமிருந்தது.

அடுத்த முகூர்த்தத்தில், பெண்ணினம் ஏன் எப்போதும் தப்பாகவே பொறுக்குகிறது என்று சாம்பார் வாளியை வழிமறித்து விளக்கிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. அதற்கு விளக்கம் தரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. பெண் பார்க்கப் போன அன்று உங்கள் மணிக்கட்டில் மின்னிய கடிகாரம் யாருடையது? மெல்லச் சொல்லுங்கள், அடுக்களையில் இருப்பவருக்கும் நகம் உண்டு.