ஐந்தாவது சம்மதம்

நான்கு பேர் சம்மதம் அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் ஆர்லன் மட்டும் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. கைபேசியும் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் லோர்னாவின் வேலை, இணையத்துக்கான விதி ஆவணங்களைத் திருத்தி வெளியிடுவது. எண் போட்டு வெளியிட்டபின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அதனால் எழுதியவர்கள் அத்தனை பேரும் சம்மதித்தாக வேண்டும். இந்த ஒன்றுக்காக ஏழு ஆவணங்கள் பின்னால் காத்துக் கிடந்தன.

"மூணு மணி வரைக்கும் பாரு," என்றார் மேலாளர் கிளிஃபோர்ட். "இல்லன்னா உன் ஆறு மாச உழைப்பு கிடப்புலதான்."

லோர்னா ஆர்லனின் பெயரை ஆசிரியர் வரிசையிலிருந்து தூக்கி, நன்றிப் பகுதியில் போட்டாள். திருத்தினால் மற்றவர்களிடம் மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். அனுப்பினாள்.

நான்கு பதில்களும் ஒரே நொடியில் வந்து விழுந்தன. நான்கிலும் ஒரே வாசகம்: "சம்மதம் வாபஸ். ஆர்லன் பேரைத் திரும்பப் போடுங்க, லோர்னா. அவன் வந்துகிட்டிருக்கான்."

இருந்த நாலும் போச்சு.

"கொஞ்சம் மிரட்டிப் பாரு," என்றார் கிளிஃபோர்ட். "எல்லாரும் கடைப்பிடிக்கிற தர வகையில போட மாட்டோம், காலாவதியான விதிகளோட வரலாற்று வகையில தள்ளிடுவோம்னு எழுது. ஆர்லன் அலறிக்கிட்டு வருவான்."

பெயரைத் திரும்பப் போட்டுவிட்டு, அப்படியே எழுதினாள். மறுபடி நான்கு பதில்கள், ஒரே நொடியில்: "வரலாற்று வகைக்கு நாங்க போதும். ஆவணம் தர வகையிலயே இருக்கட்டும். எங்களுக்கு இங்க நேரம் நிறையக் கிடக்கு."

"குடிச்சிருக்கானுங்க," என்றார் கிளிஃபோர்ட். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஐந்து பதில்கள் சேர்ந்து வந்தன. ஐந்தும் சம்மதம். ஆர்லன் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்: "தாமதத்துக்கு மன்னிக்கணும்."

லோர்னா எண் போட்டு வெளியிட்டாள். உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்ல ஆர்லனின் கைபேசிக்கு அடித்தாள். அவர் மகள் ஜூடித் எடுத்தாள்.

"கடைசி நிமிஷத்துல உங்கப்பா காப்பாத்திட்டாரும்மா. மத்த நாலு பேரும் அவருக்காக எப்படிக் காத்துக்கிட்டிருந்தாங்க தெரியுமா?"

"போன வாரம் அப்பாவோட கார்ல போன நாலு பேருமா? அவங்க விபத்துல ரோட்டுலயே செத்துட்டாங்களே. ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடந்த அப்பாவும் இப்பதான், ரெண்டு அம்பத்தெட்டுக்குப் போயிட்டாரு."