நோயாளர் காருக்கு ஹீற்றர் பூட்டிய வரலாறு

பனிக்குளிரை எதிர்த்து ஆயத்தமாக நின்ற ஊர்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் பனியே விழாத ஒரே ஊர் இலங்கையின் மன்னார்ப் பக்கத்து நானாட்டான். இந்தப் பெருமையை ஊருக்குத் தேடித் தந்தது நல்லாயன் நலன்புரிச் சங்கம். சங்கத்துக்குத் தேடித் தந்தவர் அதன் தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் அமிர்தநாயகம்.

சங்கத்திடம் பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று இருந்தது. நோயாளரை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்று வெளிநாட்டு அமைப்பொன்று அதை அன்பளிப்பாகத் தந்தது. சண்டை தொடங்கியபின் பெற்றோல் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. சாரதி இன்னாசிமுத்து எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஷெல் விழுந்து நொறுங்கிய வான் வண்டியொன்றின் டீசல் எஞ்சினைப் பூட்டினார். கார் ஓடியது. பிரேக்கும் பிடித்தது. நோயாளரை ஏற்ற வேறென்ன வேண்டும் என்று அவர் நினைத்தார். கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போகாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்த வாரமே, காரைப் பார்வையிட அமைப்பின் பிரதிநிதி வருகிறார் என்று செய்தி வந்தது. வைகாசி மாதத்து உச்சி வெயிலில் அவசரக் கூட்டம் கூடியது. வருகிறவர் பனிநாட்டவர், பிறந்தது முதல் சூடேற்றிய காரிலேயே ஏறிப் பழகியவர், நமது காரில் ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் அந்த நல்ல மனிதர் அந்நியமாக உணரமாட்டாரா என்று தலைவர் தழுதழுத்தார். உறுப்பினர்கள் பனையோலை விசிறியால் விசிறியபடி ஏகமனதாக உருகினார்கள். ஹீற்றர் வேலை செய்யும்வரை அது "பூர்த்தியடையாத வாகனம்" என்றும், அதில் நோயாளரை ஏற்றுவது நோயாளருக்கே அவமரியாதை என்றும் தீர்மானமாயிற்று.

இன்னாசிமுத்து வேலையில் இறங்கினார். புது எஞ்சினில் ஹீற்றருக்குச் சுடுதண்ணீர் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்து, வயலில் பழுதாகிக் கிடந்த தண்ணீர்ப் பம்பின் றப்பர் குழாயை வெட்டி இணைத்தார். உள்ளே காற்று சிக்கிக்கொண்டு தண்ணீரை விடவில்லை. குளக்கட்டுச் சரிவில் காரின் மூக்கை வானம் பார்க்க நிறுத்தி, றேடியேற்றர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டார். காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியேறியது.

அடுத்துத்தான் பெரிய சிக்கல். ஹீற்றர் வேலை செய்கிறதா என்று ஆராயச் சங்கம் அமைத்த உபகுழு காரில் ஏறியது. எல்லோருக்கும் வியர்த்தது. ஆனால் ஏறுமுன்னரும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. ஹீற்றரைப் போட்டாலும் அனல், நிறுத்தினாலும் அனல். உண்மை அறியப்படவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சின்னராசா சைக்கிளில் வந்து விழாக்குறையாக இறங்கினார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய கூலிக்காரர். மனைவி பேச்சியம்மாவுக்கு மலேரியா.

"நடுக்கம் நிக்கலீங்க ஐயா. நெனவு தப்பிப் போவுது. காரைக் குடுங்க."

தலைவரின் கண் கலங்கியது. "கார் இன்னும் பூர்த்தியாகேல்லை, சின்னராசா. உம்மட மனுசியை அரைகுறை வாகனத்தில ஏத்த எங்களுக்கு மனம் வருமே?"

"அவளுக்கு உசுரும் அரைகுறையாத்தாங்க இருக்கு. பொருந்தும்."

இன்னாசிமுத்து மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, தொழில்நுட்பக் கருத்தொன்று சொல்ல அனுமதி கேட்டார்.

"ஹீற்றர் வேலை செய்யுதோ எண்டு சொல்லக் குளிருற ஆள் ஒண்டு வேணும், ஐயா. இந்த வெயிலுக்கு ஊர் முழுக்கத் தேடினாலும் பேச்சியம்மா ஒராள்தான்."

உபகுழு அவரை மரியாதையுடன் பார்த்தது.

"எவ்வளவு தூரம் ஓடிப் பாக்கவேணும்?" என்று தலைவர் கேட்டார்.

"மன்னார் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடினாத்தான் சரியாத் தெரியும்."

பேச்சியம்மா நோயாளராக அன்றி "பரிசோதனைப் பயணி"யாக ஏற்றப்பட்டாள். தலைவரே முன்னால் அமர்ந்தார். யன்னல்கள் இறுக மூடப்பட்டன. சோதனைச்சாவடியில் தலையை உள்ளே நீட்டிய சிப்பாய், அனல் தாங்காமல் முகத்தை இழுத்துக்கொண்டான். போர்வைக்குள் நடுங்குகிறவளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தடையைத் தூக்கிவிட்டான். அவனுக்கு அதிகாரம் குறைவு. கூட்டம் கூட்ட முடியாதல்லவா!

வழிநெடுக, "பிள்ளை, இப்ப குளிர் எப்பிடி?" என்று தலைவர் விசாரித்தபடி இருந்தார். வியர்வையில் அவர் சட்டை தோய்ந்துவிட்டது. மன்னார்ப் பாலம் தாண்டும்போது, "கொறையுதுங்க" என்று ஒரு முனகல் கேட்டது. ஹீற்றர் வெற்றி. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், பேச்சியம்மாவும் பிழைத்தாள்.

பாதை மூடப்பட்டதால் பிரதிநிதி வரவில்லை. என்றாலும் சங்கம் சோரவில்லை. அவர் வரும்வரை பரிசோதனை தொடரவேண்டும், குளிருகிறவர்கள் மட்டுமே ஏற்றப்படவேண்டும் என்று தீர்மானித்தது.

ஒரு நண்பகல் வயலில் வேலைசெய்த சீவரத்தினத்தைப் பாம்பு கடித்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இன்னாசிமுத்து அவர் காதில் குனிந்து ஏதோ சொன்னார். சீவரத்தினம் வியர்வை வழிய வாயைத் திறந்தார்.

"ஐயா, குளிருது."

கார் உடனே புறப்பட்டது. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த பாவத்தை இன்னாசிமுத்து சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டார். பங்குச் சுவாமியார், அதற்குப் பிராயச்சித்தமாக இன்னும் நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கும்படி கட்டளையிட்டார்.

இவ்வாறு நல்லாயன் சங்கம் தன்னை நாடி வந்து குளிருகிறது என்று சொன்ன எவரையும் கைவிட்டதில்லை. சொல்லத் தெரியாமல் செத்துப்போனவர்கள் முறைப்பாடு எதுவும் செய்யவில்லை.