பாதித் தலைக்குப் பழைய விலை

"அசையாதீங்க சார், காது போயிடும்" என்று சலூன்காரர் சொல்லச் சொல்ல, நாற்காலியில் இருந்தவர் செய்தித்தாளை விரித்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற தட்டச்சர். ஆனால் தெருவில் அவரைப் 'பொருளாதாரம்' என்றால்தான் தெரியும். முடிவெட்டிக்கொள்ளும்போதும் பேப்பரைக் கீழே வைக்க மாட்டார்.

"பெரிய பேங்க் ஒண்ணு முழுகப் பாத்துது. கவர்மென்ட் கைகொடுத்துத் தூக்கி விட்டிருக்கு. மலை மாதிரி பணம்!"

"நல்ல விஷயம்தானே சார்?"

"அவ்வளவு பணம் எங்கேர்ந்து வரும்? அச்சடிப்பாங்க. நோட்டு கூடும், சாமான் கூடாது. அப்புறம் உன் கையில இருக்கிற காசுக்கு என்ன மதிப்பு? வெளிநாட்டுல நம்ம நோட்டை நீட்டினா, கை துடைக்கத்தான் வாங்குவான்."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வருஷக்கணக்கில் சேர்த்த பணம் வீட்டு அலமாரியில் இருந்தது. அது அங்கே உட்கார்ந்தபடியே இளைத்துக்கொண்டிருப்பது சலூன்காரரின் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

அவர் கண்ணாடியின் மூலையில் எழுதியிருந்த விலையைக் கட்டைவிரலால் அழித்தார். புது விலையை எழுதினார்.

"என்னப்பா இது? நான் உக்காரும்போது வேற விலை இருந்துதே!"

"அது நீங்க பேப்பர் படிக்கிறதுக்கு முன்னாடி சார்."

"அப்போ என் தலை?"

சலூன்காரர் நியாயமான மனிதர். கொஞ்சம் யோசித்தார்.

"வெட்டின பாதிக்குப் பழைய விலை. மீதிப் பாதிக்குப் புது விலை."

பொருளாதாரம் துணியை உதறிவிட்டு எழுந்தார். "மீதியை நானே வெட்டிக்கிறேன்!" என்று செய்தித்தாளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலமே சலூன்காரர் அலமாரிப் பணத்தை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கும் மளிகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் அவருடைய மனைவியின் தம்பி.

"மாப்ள, ஷேவிங் க்ரீம் எவ்வளவு இருக்கு?"

"எவ்வளவு வேணும் மாமா?"

"இருக்கிறது எல்லாம். பவுடர், சோப்பு, அதுவும் எல்லாம்."

"என்ன மாமா, சலூனுக்குக் கரடி ஏதாவது வருதா?"

சலூன்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பேங்க் முழுகியது, நோட்டு அச்சடிப்பது, காசு கரைவது எல்லாவற்றையும் சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விடாத மாப்ள!"

மாப்பிள்ளை மூச்சு விடவில்லை. மறுநாள் காலையில் விலையை மட்டும் ஏற்றினார்.

கடையின் வெறும் அலமாரிகளைப் பார்த்த தெருக்காரர்கள் சாமான் தட்டுப்பாடு வரப்போகிறது என்று முடிவுகட்டி, மாவையும் சர்க்கரையையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை மத்தியானம் இன்னொரு தடவை ஏற்றினார்.

அடுத்த நாள் சலூன்காரர் ரொட்டி வாங்கப் போனார். விலையைக் கேட்டதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"என்னக்கா, ஒரு ரொட்டிக்கு இவ்வளவா?"

"மாவு ஏறிடுச்சு, சர்க்கரை ஏறிடுச்சு. போதாததுக்கு, எம் பையனுக்கு முடிவெட்ட நீ கேக்குற காசுக்கு நான் எங்க போவேன்?" என்றார் ரொட்டிக்கார அக்கா.

கடைசியில் சொன்னது சலூன்காரர் காதில் ஏறவே இல்லை. ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். "ஆரம்பிச்சிடுச்சுடி! நான் சொன்னேன்ல!"

அன்றைக்கே கண்ணாடியில் விலை மறுபடியும் மாறியது. அதைச் சலூன் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சவரத்துக்கு வந்தபோது பார்த்தார். முகம் முழுக்க நுரையோடு, "நீயே இவ்வளவு வாங்கும்போது நான் பழைய வாடகையை வாங்கினா என்னைப் பைத்தியக்காரன்னு சொல்ல மாட்டாங்க?" என்றார். வாடகை ஏறியது. வாடகை ஏறியதால் சவரமும் ஏறியது.

வீட்டில் படுக்கையறை முழுக்கப் பெட்டிகள். பவுடர் பெட்டிகளுக்கு நடுவில் படுத்த மகள், தினமும் நாடகத்துக்கு வேஷம் கட்டியதுபோல் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தாள்.

"நாளான்னைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். ஷேவிங் க்ரீமாவா கட்டப்போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பணம் கரைஞ்சிடும்டி. சாமான் கரையாது."

"சோப்பு கரையும்."

சலூன்காரர் ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் கடைக்குப் போனார்.

"விலைதான் ஏறியிருக்குல்ல மாப்ள, இதையெல்லாம் நீயே திருப்பி எடுத்துக்க."

"தாராளமா மாமா. நீங்க வாங்கின விலையில பாதி தரேன்."

"பாதியா? ஊர்ல எல்லாம் ஏறும்போது இது மட்டும் எப்படிடா இறங்கும்?"

"இப்போ யாரு மாமா ஷேவ் பண்றா? உங்க கடை விலையைக் கேட்டுட்டுத் தெருவே தாடி வளர்க்குது."

சலூன்காரர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் பெட்டியோடு திரும்பினார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் தம்பியை ஏசிய சேதி மனைவியிடம் வந்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு அரை டம்ளர் காபிதான் கிடைத்தது.

"ஏன் இவ்வளவு கம்மியா இருக்கு?"

"விலைவாசி" என்றாள் மனைவி. "மிச்சத்தை உங்க பேங்க்கை ஊத்தச் சொல்லுங்க."

கட்டணத்தை மாப்பிள்ளைதான் கட்டினார். "அக்கா பொண்ணு படிப்பு நிக்கலாமா?" என்று ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த வாரம் தெருவில் லாபம் பார்த்த ஒரே ஆள் அவர்தான். மகள் தலையை நிமிர்த்திக் கல்லூரிக்குப் போனாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போனார்.

கடை வெறிச்சோடிக் கிடந்தது. எதிரே பொருளாதாரம் தொப்பி போட்டுக்கொண்டு போனார். தொப்பிக்குக் கீழே ஒரு பக்கம் முடி சரிந்து தொங்கியது, இன்னொரு பக்கம் எலி கடித்ததுபோல் இருந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் தோள்பையோடு புது ஆள் ஒருவர் உள்ளே வந்தார். சலூன்காரருக்கு உயிர் வந்தது. உட்காரவைத்துத் துணியைப் போர்த்தினார். வந்தவர் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்னங்க, முடிவெட்டவா இவ்வளவு?"

"என்ன சார், பேப்பர் படிக்கிறதில்லையா? முழுகின பேங்க்குக்கு கவர்மென்ட் மலை மாதிரி பணத்தைக் கொட்டியிருக்கு. நோட்டு பெருகிடுச்சு. காசுக்கு மதிப்பே போயிடுச்சு சார்!"

"அது கடனாக் கொடுத்ததுங்க. இன்னும் அந்த பேங்க் வாசப்படியையே தாண்டல. வெளிநாட்டுலயும் நம்ம நோட்டு போன மாசம் இருந்த மதிப்புலதான் இருக்கு."

"அப்போ மாவு? ரொட்டி? என் கடை வாடகை? நாடே பத்தி எரியுது, நீங்க என்னமோ நிதானமாப் பேசுறீங்க! எங்க சார் வேலை பாக்குறீங்க?"

"விலைவாசி கணக்கெடுக்கிற ஆபீஸ்ல" என்றார் அவர், தலையை வசதியாகச் சாய்த்துக்கொண்டே. "நாடு முழுக்க விலை அப்படியேதாங்க இருக்கு, இந்த ஒரு தெருவுல மட்டும்தான் ஏறியிருக்கு, யாரு ஆரம்பிச்சு வச்சாங்கன்னு பாத்துட்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்காங்க."