மேற்குக் கண்ணில் மூத்திரத்துணி

அன்றைக்கு நான் என் கணவரின் பிழைப்பைக் கெடுத்தேனா, காப்பாற்றினேனா? மூன்று வருடமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

அவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சூரியன் போகிற பக்கமெல்லாம் தானே திரும்பும் சோலார் பேனல் ஒன்றைச் செய்து எங்கள் மொட்டை மாடியில் நிறுத்தியிருந்தார். சட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வெளிச்சத்தை உணரும் ஒரு கண், மேற்கு ஓரத்தில் ஒரு கண். எந்தக் கண்ணில் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் மோட்டார் திருப்பும். இரண்டிலும் சமமானால் நிற்கும். அதனால் காலை, மாலைச் சாய்வெயிலும் வீணாகாது. அன்று நாலு மணிக்கு முதலாளி பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் கம்பெனிக் கூரை முழுக்க இதைப் போடும் பொறுப்பு இவருக்கு.

மகளுக்கு அப்போது நாலு மாதம். மூத்திரத்துணியில் ஈரம் தங்கினால் கிருமி வரும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. (காய்ந்த துணியையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பேன். சிரிக்காதீர்கள்.) எங்கள் கொடியில் பதினோரு மணிக்கே தண்ணீர்த்தொட்டியின் நிழல் விழுந்துவிடும். அன்று காலை எனக்குள் இருந்த பி.எஸ்சி. இயற்பியல் விழித்துக்கொண்டது. நாள் முழுக்க வெயிலைப் பார்த்தே நிற்கிற ஒன்று மாடியில் இருக்க, கொடி எதற்கு? பேனலின் ஓரங்களில் ஆறு துணிகளையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கண்ணாடியில் நிழல் விழாதபடி தள்ளித் தள்ளி வேறு. மேற்குக் கண்ணை ஒரு துணி மூடியதைத்தான் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு மாடி ஏறினோம். சூரியன் மேற்கே. பேனலோ கிழக்கே பார்த்து, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது.

"என்னா தம்பி, உங்க வூட்டுல சூரியன் அந்தப் பக்கம்தான் சாயுதா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க மொதலாளி, காலையில நல்லாத்தான் இருந்துச்சு..." இவர் மண்டியிட்டு மோட்டார் ஒயரை இழுத்துப் பார்த்தார்.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சொன்னால் நான் முட்டாள், சொல்லாவிட்டால் அவர். இதற்கே அத்தனை நேரம் யோசித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

"என்னங்க... கண்ணு மேல துணி கெடக்குது. நாந்தான் போட்டேன்."

ஓடிப்போய் அதை உருவினேன். பேனல் உறுமியபடி, கிழக்கிலிருந்து மேற்கே எங்கள் கண்ணெதிரே திரும்பியது. (மற்ற நாளில் அது நகர்வதே தெரியாது.) மற்ற துணிகளை எடுக்க மறந்துவிட்டேன். அவற்றில் ஒன்று முதலாளியின் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனது.

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லா காஞ்சிருக்குதும்மா."

பிறகு சிரிக்காமல் கேட்டார்: "ஒரு துணிக்கே இப்பிடின்னா தம்பி, நம்ம கம்பெனி மண்ணுத்தூசி கண்ணுல படிஞ்சா என்னா பண்ணுவ?"

அந்தக் கூரை வேலை இவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கண்களைக் கழற்றிவிட்டு, கடிகார மணிக்கேற்ப திரும்பும்படி பேனலை மாற்றினார். முதலாளி மறுபடி வந்து பார்த்து, ஒரு வரிசை மட்டும் போடச் சொன்னார். மீதியைக் கேட்டால் இன்றுவரை "பாக்கலாம்" தான்.

எங்கள் வீட்டில் எதிரே இருப்பது யாருக்காவது தெரியாவிட்டால், "கண்ணுல துணி கெடக்குதா பாரு" என்பார்கள்.

மகள் இப்போது சறுக்குமரம் ஏறுகிறாள். கீழே நான் இரண்டு கையையும் விரித்து நிற்கிறேன். போன வாரம் மேலிருந்து கத்தினாள்: "அம்மா, தள்ளு! மறைக்குது!" பக்கத்தில் இருந்த இவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பிள்ளை வளர்த்தவர்களே, விழுந்தால் பிடிக்கவும் வேண்டும், நம் நிழல் அவள்மேல் விழவும் கூடாது என்றால், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.