அஜிதாவின் ஆய்வில் நான் கண்ட குறைகள்

என் மனைவியை ஜெர்மனிக்கு அனுப்புவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். முடிவை அவளிடம் சொல்லவில்லை. அதற்குத் தனியாகத் தைரியம் வேண்டும்.

நடந்தது 2013-இல். நான் செல்வதாஸ், நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் வாத்தியார். அஜிதாவும் சிவிலில் எம்.டெக். ஆனால் எங்கள் வீட்டில் அதுவரை ஆய்வு என்றால் மீன் ஆய்வதுதான். ஒருநாள் சாளையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"ஜெர்மனியில ஒரு பேராசிரியரு கடலரிப்பு ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்காரு. சம்பளத்தோட பிஎச்.டி. நான் விண்ணப்பம் போடப்போறேன்."

"எதுக்குட்டி?"

"எங்க ஊர்ல கடலைத் தடுக்கக் கல்லைப் போட்டா அடுத்த ஊரு கரை போவுது. அங்க போட்டா அதுக்கடுத்த ஊரு. எங்க அம்மைக்க அடுக்களை வரைக்கும் கடல் வந்தாச்சு. யாராவது முறையா கணக்குப் போட்டுப் பாக்கண்டாமா?"

மறுக்க முடியாத காரணம். ஆனால் நான்கு வருடம்! மீன்குழம்புக்கு எங்கே போவேன்? அதைவிட, சண்டைக்கு எங்கே போவேன்?

"கொள்ளாம்," என்றேன். "ஆனா ஆய்வுத்திட்டத்தை எங்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பணும்."

கடைசித் தேதி தாண்டும்வரை குறை சொல்லிக்கொண்டே இருப்பது. இதுதான் என் தந்திரம்.

"மணல் எந்தப் பக்கம் நகருதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றேன். மறுநாள் டேப்பும் கையுமாகக் கடற்கரைக்குப் போய்விட்டாள். வெயிலில் கறுத்து, பதிலோடு வந்தாள்.

"ஆடி மாச அலைக்கும் ஐப்பசி அலைக்கும் ஒரே கணக்கா?" என்றேன். இரண்டு கணக்கு போட்டாள்.

"உன் கணக்கு தப்பாப் போனா?"

"தப்புன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கதுன்னும் எழுதிருக்கேன். அடுத்த பக்கம் பாருங்க."

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. குறை தேடிப் படித்தவன், ரசித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியும் இப்படி ஒரு பக்கம் எனக்கு எழுத வந்ததில்லை. ஆனாலும் கொள்கை கொள்கைதான். கடைசித் தேதியன்று சாயங்காலம் சொன்னேன்:

"முடிவுரை சரியில்ல. முழுசா மாத்தணும். இன்னைக்குள்ள நடக்குமா? பாவம், அடுத்த வருசம் பாப்போம்."

"அதெல்லாம் அனுப்பியாச்சு."

"எப்பம்?"

"உங்ககிட்ட காட்டதுக்கு முந்தியே."

"பின்ன இத்தனை நாளும் எங்கிட்ட எதுக்குட்டி காட்டுன?"

"நேர்முகத்துல ஏறுக்குமாறா கேப்பாவளாம். பழகிக்கிட ஒரு ஆள் வேணும்லா? உங்கள மாதிரி குறை சொல்ல இந்த ஜில்லாவுல யாரு இருக்கா?"

ஸ்கைப்பில் நேர்முகம் நடந்தது. அடுத்த அறையில் நின்று கேட்டேன். ஜெர்மன்காரர் கேட்டதெல்லாம் என் கேள்விகள். அவள் எங்கும் தடுக்கி நிற்காமல் பதில் சொன்ன அழகில், அவளைத் தடுக்க நினைத்ததே எனக்கு மறந்துபோனது.

பத்து நாள் கழித்து நான் கல்லூரியிலிருந்து வந்தபோது வாசலிலேயே நின்றாள்.

"கெடச்சிட்டு! பேராசிரியரே கூப்பிட்டுச் சொன்னாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாகக் கேட்டேன்: "கேள்வியெல்லாம் நான் கேட்டுப் பழக்குனதுன்னு சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? அருமையான கேள்வியாம். அப்பிடிப்பட்ட ஆளு அவருக்கும் வேணுமாம்."

நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் இழுத்தது. "அப்பம் எனக்கும் அங்க ஒரு எடம்..."

"அதையும் கேட்டாரு. இந்தக் கேள்விக்கெல்லாம் உன் வீட்டுக்காரருக்குப் பதிலும் தெரியுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"கர்த்தருக்கு முன்னால பொய் சொல்ல முடியுமா?"